பிறந்த வீட்டுக் கோடி

கண்டி நகரில் தமிழ் பேசும் யாரையாவது பிடித்து "நிருபர் வீடு எங்கே?" என்று கேட்டால், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் மேட்டுப் பக்கம் கையைக் காட்டுவார். காட்டிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். "ஓ, அந்தக் கம்பெனிக்காரரையா?" என்று ஒரு வார்த்தையை விட்டுத்தான் அனுப்புவார். நாற்பது வருடமாகத் தேயிலைத் தோட்டத்துச் செய்தியைப் பத்திரிகைக்குச் சுமந்த இருளப்பனுக்கு வயது போன காலத்தில் கிடைத்த பட்டம் அது.

அன்று காலை அவர் தேநீரை வாயில் வைக்கும்போது தங்கை மகன் ரவிகுமார் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, அம்மா போயிருச்சு. குளவி கொட்டிருச்சு. இன்னைக்குப் பின்னேரம் எடுக்கிறோம்."

இருளப்பன் எப்போது, எங்கே என்று செய்தி கேட்பது போலவே கேட்டார். நேற்றுக் காலையில் நடந்ததாம். வைத்தியசாலையில் இருந்து இரவே கொண்டுவந்துவிட்டார்களாம். கூடப்பிறந்தவனுக்கு மட்டும் மறுநாள் சொல்கிறார்கள்.

"கோடிக்கு நீங்க கஷ்டப்பட வேணாம் மாமா. மேல்பிரிவுப் பங்காளி மாமா போடுறேன்னு சொல்லிட்டாரு" என்றான் ரவிகுமார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இருளப்பனை உட்கார வைத்துவிட்டது.

ஒரு பெண் எந்தத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும், எத்தனை பேரப்பிள்ளைகளைக் கண்டிருந்தாலும், செத்த அன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். அதைப் போட வேண்டியவன் அண்ணனோ தம்பியோதான். அண்ணன் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கும்போது பங்காளி வந்து போடுகிறான் என்றால், அந்த அண்ணனைத் தலைமுழுகிவிட்டார்கள் என்று அர்த்தம். இருளப்பன் எழுந்தார். முகம் கழுவினார். யார் என்ன சொன்னாலும் தங்கை பாலம்மாவுக்குக் கோடி தானே போடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பெரிய வீதியில் ஒரு சேலைக் கடை திறக்கும்வரை வாசலில் நின்றார். முதல் ஆளாக நுழைந்து ஒரு நூல் சேலையை வாங்கிக்கொண்டு குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில்தான் இருவரும் பிறந்தார்கள். அப்பாவும் அம்மாவும் மலையில் வேலைக்கு நிற்க, பாலம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவர் இருளப்பன். பாலம்மா அங்கேயே வாழ்க்கைப்பட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். இருளப்பன் தோட்டப் பள்ளிக்கூடத்தை முடித்துக் கண்டியில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்தபடி கொழும்புப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியவர், ஒருநாள் "எமது கண்டி நிருபர்" ஆனார். மண்சரிவு, சம்பளப் போராட்டம், சிறுத்தை, குளவி என்று தோட்டத்தில் நடந்த எதையும் அவர் விட்டதில்லை. போராட்டச் செய்திக்காகப் பொலிஸில் அடியும் வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் தொழிற்சங்க மேடைகளில் அவருக்கு முன்வரிசையில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள், மாலையும் போட்டார்கள்.

கதிரை போனது அவருடைய பேனாவால்தான். வருடா வருடம் சம்பளப் பேச்சுவார்த்தை. கம்பெனிகள் கையை விரிக்கும். தலைவர்கள் வெளிநடப்புச் செய்வார்கள். பிறகு உள்நடப்பும் செய்வார்கள். கையெழுத்தாகும், வெடி கொளுத்துவார்கள். லயத்துக் கூரை மட்டும் போன வருடம் ஒழுகிய இடத்திலேயே ஒழுகும். இதையே எழுதி எழுதி அவருக்கு அலுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, தேயிலை மலையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் திட்டத்தைக் கம்பெனி கொண்டுவந்தது. செடியைக் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும், கொழுந்தைக் கம்பெனிக்கே விற்க வேண்டும். நாட்சம்பளம் கிடையாது, ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதி கிடையாது.

பொறுப்பைக் கழற்றிவிடக் கம்பெனி செய்யும் தந்திரம் என்று சங்கங்கள் கொதித்தன. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருளப்பனோ, "கூலி கேட்டது போதும், செடியைக் கேட்போம். இன்று பராமரிப்பவன் நாளை உரிமை கேட்பான்" என்று எழுதினார். அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயங்களும் ஒரே தேநீர்க் கடைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? கதிரை பறந்தது. கம்பெனியிடம் அவர் வாங்கிவிட்டார் என்றார்கள். மனுஷன் ஒரு தேயிலைப் பக்கெட்கூட வாங்கவில்லை. ஆனால் பிடிவாதம் இருந்ததே, அது அவருக்கு மூட்டை மூட்டையாக இருந்தது.

அவர் அடுத்த கட்டுரையை அனுப்பிய அன்று பத்திரிகையின் ஆசிரியர் பீடத்தில் இருந்து விவேகானந்தன் தொலைபேசியில் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர், தொழில் தெரிந்தவர்.

"இருளப்பன், எல்லாம் உங்கட கருத்தாக் கிடக்கு. தோட்டத்து ஆக்கள் ஆரும் ஓம் எண்டு சொன்னவையோ? ஒரு ஆளின்ர பேரும் படமும் இல்லாமல் இதைப் போட ஏலாது."

இருளப்பன் உடனே பாலம்மாவை அழைத்தார். திட்டத்தை ஒரு பிரசங்கமாகவே செய்தார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ண்ணே. சாப்பிட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அண்ணன் வானம் பச்சை என்றாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில், ரவிகுமாரின் கல்யாணப் படத்தில் இருந்து வெட்டியெடுத்த அவளுடைய முகத்துக்குக் கீழே, "காணியை ஏற்க நான் தயார்: தோட்டத் தொழிலாளி பாலம்மா" என்று வந்தது. இதைப் பொய் என்று அவர் நினைக்கவே இல்லை. அரை வாக்கியத்தை முழு வாக்கியமாக்குவது நிருபர்களுக்கு அன்றாட வேலை. சனங்கள் பாதி சொல்வார்கள், மீதியை இவர்கள் நிரப்புவார்கள்.

அடுத்த வாரமே பாலம்மா தோட்ட அலுவலகத்துக்குப் போய் ஒரு துண்டு மலையை ஏற்றுக்கொண்டாள் என்று கேள்விப்பட்டபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. தன் எழுத்தை ஒரு தொழிலாளி நடைமுறையில் காட்டிவிட்டாள் என்று இன்னொரு கட்டுரையும் எழுதினார். ஏன் ஏற்றாய் என்று அவளிடம் கேட்கவில்லை. தோட்டத்துக்கும் போகவில்லை. அங்கே அவருடைய பத்திரிகையைக் கொளுத்தியிருந்தார்கள், அதனால் ரோஷம்.

பஸ் கம்பளையைத் தாண்டி ஏறத் தொடங்கியபோது தூறல் பிடித்தது. தோட்டத்துச் சந்தியில் இறங்கியதுமே சாவுக்கு அடிக்கும் தப்பு மேளச் சத்தம் கேட்டது. வெள்ளைக் கொடி கட்டிய பாதையில் அவர் ஏறிப் போக, எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் திட்டவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

லயத்து வாசலில் பந்தல் போட்டிருந்தது. பாலம்மாவின் உடம்பைக் கழுத்துவரை மூடியிருந்தார்கள். மூடாத இடமெல்லாம் வீங்கியிருந்தது. கண்ணே தெரியவில்லை. இருளப்பன் அவள் தலைமாட்டில் குந்தி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ரவிகுமாரின் மனைவி யசோதினிதான் ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூட யாரும்மா இருந்தா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை மாமா. கும்பலா நின்னா ஒருத்தர் கத்தினா மத்தவங்க சாக்கைப் போட்டு மூடித் தூக்கிட்டு ஓடுவாங்க. அத்தைதான் துண்டு மலை எடுத்துருச்சே, தனியாத்தானே நிக்கணும். மத்தவங்க அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதில்ல. சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க."

"இவ்வளவு கஷ்டம்னா விட்டுட்டு வந்திருக்கலாமே. அவளா விரும்பித்தானே எடுத்தா?"

யசோதினி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "விரும்பியா? பேப்பர் வந்த மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்துல சங்கத் தலைவரு எல்லார் முன்னாடியும் அதை வாசிச்சு, 'நீ சொன்னியா?'ன்னு கேட்டாரு. அத்தை 'ஆமா, சொன்னேன்'னு சொல்லிருச்சு. வீட்டுக்கு வந்து நாங்க கத்தினோம். 'இல்லைன்னா எங்கண்ணன் பொய் எழுதினதா ஆயிரும்ல'ன்னுச்சு. சொன்னது மெய்யாகணும்னு ஆப்பீசுக்குப் போயிருச்சு."

தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பது என்று இருளப்பனுக்குத் தெரியவில்லை. குளவிச் செய்தி அவர் எத்தனையோ எழுதியிருக்கிறார். மூன்று வரியில் முடிகிற செய்தி அது.

எடுக்கும் நேரம் வந்தது. "பொறந்த வீட்டுக் கோடி" என்று குரல் கொடுத்தார்கள். மேல்பிரிவுப் பங்காளி சேலையோடு முன்னே வந்தார். இருளப்பனும் எழுந்து தன் சேலையைப் பிரித்தார். பங்காளி தயங்கி நின்றார். தப்புச் சத்தம் நின்றது. எல்லோரும் தோட்டத்துச் சங்கத் தலைவர் யோகராஜைப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் மேடையில் இருளப்பனுக்கு மாலை போட்ட ஆள்தான்.

"அண்ணே, நீங்க கூடப்பொறந்தவரு. தடுக்க எங்களுக்கு உரிமை இல்லை" என்றார் யோகராஜ். "ஆனா இந்தச் சாவுக்கு நாங்க யாருகிட்ட ஞாயம் கேக்கிறது? நீங்க எழுதினது தப்புன்னு இந்த இடத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டுக் கோடியைப் போடுங்க. அத்தோட பழசெல்லாம் முடிஞ்சிரும்."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் கதிரைகூடத் திரும்பக் கிடைத்திருக்கும். தொழிலாளிக்குச் செடி சொந்தமாக வேண்டும் என்பதில் இருளப்பனுக்கு அந்த நிமிடமும் சந்தேகம் இல்லை. தங்கச்சியின் பிணத்துக்கு முன்னால் நின்று அதைத் தப்பு என்று சொன்னால் அது இன்னொரு பொய். இனி ஒரு பொய்யும் வேண்டாம், உண்மை எதுவோ அதை மட்டும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தார். பாவம், அதுதான் அவளுக்குச் செய்யும் மரியாதை என்று முழு மனதாக நம்பினார்.

"காணியைப் பத்தி நான் எழுதினது தப்புன்னு சொல்ல மாட்டேன் யோகராஜ்" என்றார். கூட்டம் முணுமுணுத்தது. அவர் குரலை உயர்த்தினார். "ஆனா பாலம்மா தயார்னு சொன்னதா எழுதினேனே, அது பொய். அவ அப்படிச் சொல்லவே இல்லை. நானாத்தான் எழுதினேன். எல்லாரும் கேட்டுக்குங்க, அது பொய்."

யோகராஜ் தலை குனிந்துகொண்டார். முணுமுணுப்பு அடங்கிவிட்டது. இருளப்பன் சேலையை எடுத்துக்கொண்டு பாடைக்கு அருகே குனிந்தார். ரவிகுமார் குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்தான். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், இப்போது உடம்பு குலுங்க அழுதான்.

"அந்த வார்த்தை பொய்யாயிரக் கூடாதுன்னுதான மாமா எங்கம்மா தன்னந்தனியா அந்த மலைக்குப் போச்சு. கடைசிவரைக்கும் வெளியாளுங்க யாருகிட்டயும் சொல்லலையே. இன்னும் மண்ணுக்குள்ளகூடப் போகல. அதுக்குள்ள அது மூஞ்சிக்கு நேரா நீங்களே பொய்ன்னு சொல்லிட்டீங்களே."

இருளப்பன் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விலகினார். ரவிகுமார் பங்காளியைப் பார்த்துத் தலையசைத்தான். பங்காளியின் சேலை பாலம்மாவின் மேல் விழுந்தது. தப்பு மறுபடி முழங்கியது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி வந்து நின்றார்கள்.

தேயிலைக்குள்ளால் மயானத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் இருளப்பன் எல்லோருக்கும் பின்னால் நடந்தார். அங்கே உறவுக்காரர்கள் மண் போட்டு முடிக்கும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு ஊரார் வரிசையில் நின்று ஒரு பிடி மண் போட்டார்.