யானை இடிக்காத மடம்

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். “டீச்சர், நம்ம போடி மலையில இப்படி ஒரு இடமா?” என்று கூடவே ஒரு வரி. தொப்பி போட்ட ஒரு பையன் கூரையில்லாத கல் சுவர்களுக்கு நடுவே நின்று மூச்சு விடாமல் பேசினான். பின்னால் ஓடிய உடுக்கைச் சத்தம் அவன் குரலைவிடப் பெரிதாக இருந்தது. மடத்தைக் கட்டியவர்கள் பிரான்சிஸ்கன் துறவிகள் என்பது வரை சரியாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு கொம்பன் யானை தன் கூட்டத்தோடு வந்து எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டுப் போனதாம். ஆதாரமாக, சுவரோரம் நட்டிருந்த நீலப் பலகையைக் காட்டினான். ‘காட்டு யானைகளின் சீற்றத்திற்கு இரையாகி இத்திருமடம் சிதைவுற்றது.’

போனைச் சோபாவில் எறிந்தேன். யானை எந்தக் காலத்தில் அந்தச் சரிவில் ஏறியது? கீழே தேவாரம் ஊர்ப் பக்கம் தோட்டங்களில் இறங்கி வாழையைத் தின்னும், வாஸ்தவம். அந்தச் செங்குத்தில் அதற்கு என்ன சோலி? பையன் மேல் கோபம் வந்தது. பலகைக்காரர்கள் மேல் வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, போக வேண்டிய இடத்துக்கே அந்தக் கோபம் போய்ச் சேர்ந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான். ‘சீற்றத்திற்கு இரையாகி’ என்பதும் என் கைச்சரக்கே. இருபத்து மூன்று வயதில் அப்படித்தான் எழுதுவேன். காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்டால்கூட ‘வெப்பு நோயின் பிடியில்’ என்று எழுதிய ஆள்.

அப்போது போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலை. தாளாளர்தான் அந்த மலை மடத்து அந்தோணியார் திருவிழாக் குழுவுக்கும் தலைவர். நல்ல மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு ஏலக்காய் வைத்திருப்பார். ஒருநாள் கூப்பிட்டு, “இந்த வருசம் விழா மலர் போடுறோம். மடத்தோட வரலாறு நாலு பக்கம் வேணும் டீச்சர்” என்றார்.

“சார், நாங்க மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். எனக்கு உங்க கோயில் பத்தி ஒண்ணும் தெரியாதே.”

“வரலாறுதான கேட்டேன். மதம் மாறவா சொன்னேன்?”

அடுத்த செவ்வாய்க்கிழமை ராவுத்தர் அண்ணன் ஜீப்பில் ஏறினேன். செவ்வாய் அந்தோணியாருக்கு உகந்த நாள் என்பதால், மற்ற நாளில் எஸ்டேட் ஆட்களை ஏற்றும் ஜீப்பை அன்றைக்கு மட்டும் மடத்துக்கு விடுவார் அவர். டீசல், ஈரச்சாக்கு, ஏலக்காய் மூட்டை, பதினெட்டுப் பேரின் வியர்வை. போடிமெட்டு வளைவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் யார் வீட்டிலாவது பாயசத்தில் ஏலக்காய் மணந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வாந்திதான். “கீழ பாக்காதீக டீச்சரம்மா, மேல பாருங்க” என்பார் ராவுத்தர் அண்ணன். மேலே பார்த்தால் இன்னும் ஏற வேண்டிய ரோடு தெரியும். அது அதைவிட மோசம்.

தொழுகை தவறாத மனிதர் அந்தோணியாரைப் பற்றி ரொம்பப் பற்றோடு பேசுவார். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருவது அந்தப் புனிதரின் வேலை என்று நம்பிக்கை. ராவுத்தர் அண்ணன் ஜீப்பின் ஆர்.சி. புத்தகம் ஒருமுறை காணாமல் போய், மடத்து வாசலிலேயே கிடைத்ததாம். “நம்ம சாமி இல்ல. ஆனா செஞ்ச ஒத்தாசைய மறக்கக் கூடாதுல்ல” என்பார்.

மெட்டு என்கிற கணவாய்க்குக் கொஞ்சம் கீழே மண் பாதையில் திரும்பி, ஏலக்காட்டு நிழலுக்குள் போனால் மடம். அன்றைக்கே கூரை கிடையாது. நாலைந்து அறைகளின் சுவர், ஒரு கோயில், அதற்கு மட்டும் தகரம் போட்டிருந்தார்கள். நோட்டும் பேனாவுமாக நான் நின்றதுதான் தாமதம், ஆளாளுக்கு வரலாறு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் போர்ச்சுகீசியர் கட்டியது என்றார். இன்னொருவர் திருவிதாங்கூர் ராஜா கட்டிக்கொடுத்தது என்றார். பீடத்துக்கு அடியில் ஒரு சுரங்கம் போகிறது என்று சொன்னவரிடம், எங்கே போகிறது என்று கேட்டதற்கு மதுரைக்கு என்றார். சுரங்கம் என்றால் எல்லாருக்கும் ஏன் மதுரைக்கே போக வேண்டும் என்று எனக்கு இன்று வரை புரிந்ததில்லை. பஸ் இருக்கிறதே.

ராவுத்தர் அண்ணன்தான் காப்பாற்றினார். “இவுககிட்ட கேட்டா விடிஞ்சிரும். சூசையம்மாகிட்ட கேளுங்க. அதுகிட்டதான் மடத்துச் சாவி இருக்கு.”

“கதவே இல்லையே அண்ணே.”

“அதையும் அதுகிட்டயே கேளுங்க.”

சூசையம்மா எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறவர். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் சாக்கைக் கட்டியபடியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நிதானமாகச் சொன்னார். பழுப்பு அங்கியும் இடுப்புக் கயிறுமாக நாலு துறவிகள் மலைக்கு வந்தது, ‘கயித்துச் சாமிக’ என்று பேர் வந்தது, முதலில் தோட்டக்காரர்களைப் போலவே புல் வேய்ந்த குடிசையில் இருந்தது, பிறகு ஆட்களோடு சேர்ந்து கல் சுமந்து மடம் கட்டியது, மலைக்காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தது. மருந்து வாங்க வந்த கூட்டம்தான் செவ்வாய்தோறும் வரும் கூட்டமாக ஆனது. மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து மலையாளிகளும் நடந்தே வந்தார்கள். வயதாகி ஒவ்வொருவராக இறங்கிப் போனபின் கடைசியாக இருந்தவர் ஒரு மலையாளத்து பிரதர். அவரும் முடியாமல் போனபோது சூசையம்மாவிடம் சாவியைக் கொடுத்து, “சூசே, நோக்கிக்கோணே” என்று, பார்த்துக்கொள் என்பதை அவர் பாஷையில் சொல்லிவிட்டுப் போனார்.

“நல்லா நோக்கினேன்” என்றார் சூசையம்மா. சிரித்தாரா என்று தெரியவில்லை.

அந்த வருசம், நான் போனதற்கு மூணு வருசம் முன்பு, ஐப்பசி மழையில் மலை சரிந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் ரெண்டு வரிசை மண்ணோடு போயிற்று. மேலேயும் கீழேயும் ரோடு இல்லை. சூசையம்மா மடத்தைத் திறந்துவிட்டார். தப்பித்தவர்கள் எல்லாரும் கோயிலுக்குள் ஒடுங்கினார்கள். நனைந்த விறகு பற்றவில்லை. பிள்ளைகளுக்கு, சூசையம்மாவின் மூணு வயது மகளுக்கும், உதடு நீலம் பாய்ந்தது.

“பெஞ்சைத்தான் மொதல்ல ஒடச்சோம். பெறகு சன்னலு, கதவு. ரூம்பு மேக்கூரைச் சட்டத்தையும் பிரிச்சோம். மத்தவுக கைய வைக்கப் பயந்தாக. மொத வெட்டு நான்தான் வெட்டினேன் டீச்சர்.”

“பீடத்தையுமா?”

“ஆறாவது நாளு அதையும். அந்தோணியார எறக்கி மடியில வச்சுக்கிட்டேன். உள்ள வந்ததுல ஒரு உசுரு போகல.”

ரோடு திறந்து மேலே வந்தவர்கள் பார்த்தது கதவில்லாத, கூரையில்லாத மடத்தை. எஸ்டேட்டுக்காரங்க தேக்கை எல்லாம் திருடி வித்துட்டாங்க என்று கீழே ஊரில் பேச்சாகிவிட்டது. கூரை போன அறைகளை அடுத்தடுத்த மழை பார்த்துக்கொண்டது.

“அத மட்டும் மாத்தி எழுதிருங்க. திருடல, எரிச்சோம். நான்தான் எரிச்சேன். பேரு போட்டே எழுதுங்க.”

எழுதினேன். பேர் போட்டே எழுதினேன். என் வழக்கமான அலங்காரம் எதுவும் அதில் வரவில்லை. எழுதிய வேகத்தில் மறந்துவிட்டேன் போலிருக்கிறது. தாளாளர் இரண்டு முறை படித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பீடத்தை வெட்டி எரிச்சாங்கன்னு விழா மலர்ல போட்டா நல்லாவா இருக்கும்? யாரு மனசும் சங்கடப்படாம வேற ஏதாச்சும் எழுதிக் கொண்டாங்க.” டீ வரவழைத்தார். “ஜூன்ல உங்க வேலை நிரந்தரமாகுதுல்ல?”

அவர் மிரட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்கு மிரட்டத் தெரியாது. நான்தான் மிரண்டேன். அன்றைய பேப்பரில் தேவாரத்துச் சோளக்காட்டில் யானை புகுந்த செய்தி வந்திருந்தது. டீ ஆறுவதற்குள் அந்த யானையை மலைமேல் ஏற்றிவிட்டேன்.

விழா முடிந்த வாரம் சூசையம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெளுத்த சேலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. யாரோ மலரைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் நின்றோம்.

“ஆனைன்னு போட்டிருக்காமே டீச்சர்.”

“கமிட்டியில ஒத்துக்கல சூசையம்மா. நான் எழுதத்தான் செஞ்சேன்…”

“ஆனைக்கு வாயில்ல, சரி. எனக்கு இருந்துச்சே. சொன்னேன்ல.”

அவ்வளவுதான். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று வெரசாக நடந்து போனார். ஜூன் மாதம் எனக்கு ஆர்டர் வந்தது. அதற்கப்புறம் முப்பது வருசம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்தேன். ‘உண்மை பேசுதல்’ உட்பட.

வீடியோவைப் பார்த்த மறுநாள் விழாக் குழுவின் இப்போதைய செயலாளருக்குப் போன் செய்தேன். என் மகன் வயதுப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினான். எல்லாம் சொன்னேன்.

“அப்படியா டீச்சர். ஆனா ஆனைன்னு போட்ட பெறகுதான் ஆளுக வர்றாக. அடுத்த போர்டு வைக்கிறப்ப பாப்போம்.”

அவன் பார்க்கும் வரை பொறுக்காமல் கார் பிடித்து நானே மேலே போனேன். வாந்தி வரவில்லை, அது ஒன்றுதான் முன்னேற்றம். செவ்வாய்க்கிழமைதான், ஆனால் மடத்துக்கென்று ஓடும் ஜீப் இப்போது கிடையாது. ராவுத்தர் அண்ணன் போய்ப் பல காலமாகிறது. லயங்கள் இருந்த சரிவில் சுற்றுலாக்காரர்களுக்காக வரிசையாகக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். அங்கே டீ கொடுத்த அம்மாள்தான் சூசையம்மா இறந்துவிட்டதைச் சொல்லி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகள் ஆரோக்கியத்தின் நம்பரைத் தந்தாள்.

கூப்பிட்டேன். நான் யாரென்று சொல்லி, உங்கம்மா மடத்துக் கதவை எரித்துச் சனங்களைக் காப்பாற்றியதை நான் மாற்றி எழுதிவிட்டேன் என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தையும் சொன்னேன். அவள் தையல் மெஷின்களின் இரைச்சலை விட்டு வெளியே வந்தாள்.

“மடத்து ஆனை கதை தெரியும் டீச்சர். அம்மாதான் சொல்லுவாக” என்றாள் அவள். “சின்னதுல மழை பெஞ்சா நான் பயப்படுவேனாம். ஆனை வந்து மடத்த இடிச்ச கதைய சொல்லித்தான் தூங்க வைப்பாக. வேற ஒண்ணும் சொன்னதில்லையே. நீங்க சொல்ற அந்த மழையில நான் எங்க இருந்தேன்?”

“அப்ப மூணு வயசும்மா உனக்கு. உள்ளதான் இருந்த” என்றேன்.