லீக்ஸ் ஏந்திய குருத்தோலை ஞாயிறு

பவனிக்காகச் சபை கூடி நின்ற அந்தக் காலையில், தேயிலைக்கு நடுவே இருக்கும் எங்கள் ஆலய வாசலில் வெங்காய வாசம் அடித்தது. வெள்ளை அங்கியில் நின்ற பாஸ்டர் மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். மலை என்னைக் காப்பாற்றுகிற மாதிரி இல்லை. பனியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதுவும் திரும்பிப் படுத்துவிட்டது.

அந்த வாசம் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு. வாலிபர் கூட்டப் பொறுப்பைப் புதிதாக எடுத்தவர்களும், வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு விழிப்பவர்களும் படிக்கலாம். நான் செய்ததைச் செய்யாமல் இருக்க உதவும்.

1. மூன்று போன்

என் பிழைப்பு எஸ்டேட்டில் போக்குவரத்துக் கிராணி வேலை. எந்த லோரி எத்தனை மணிக்கு, எதை ஏற்றிக்கொண்டு, எங்கே போகும் என்று சீட்டு எழுதுவது. என் பேனா படாமல் ஒரு சாக்குப் பை கூட லோரியில் ஏறாது. சீட்டு எழுதியதோடு விடமாட்டேன். ஒவ்வொரு பயணத்துக்கும் டிரைவருக்கு மூன்று போன் போடுவேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லா டிரைவருக்கும் ஒரே பதில்தான்: "ரிங்லெட் வந்துட்டேன் லா." மலை அடிவாரத்துத் தாப்பாவில் உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருப்பவரும் பாதி மலை ஏறி ரிங்லெட் வந்துவிட்டிருப்பார். பின்னால் டம்ளர் சத்தம் கேட்கும்.

சனிக்கிழமைகளில் ஆலயத்து வாலிபர் கூட்டம் என் பொறுப்பு. பதினான்கு பிள்ளைகள். ஆறு வருடமாக அவர்களையும் லோரி ஓட்டுவது போலவே ஓட்டினேன். பைபிள் எடுத்தாச்சா என்று ஒரு போன். கிளம்பியாச்சா என்று ஒரு போன். எங்கே இருக்கிறாய் என்று ஒரு போன். பிள்ளைகள் நேரத்துக்கு வந்தார்கள். "லில்லி வளர்த்த பிள்ளைங்க, என்னா பொறுப்பு" என்று சபையில் சொன்னார்கள். நானும் தலையைக் குனிந்து, தாழ்மையோடு, அந்தப் புகழை ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கிக்கொண்டேன்.

உண்மை என்னவென்றால், பதினான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளைதான் இருந்தது. அது என் கைப்பையில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த வருடம் லெந்து என்கிற தவக்காலம் தொடங்கியபோது எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கினார்கள். கன்னம் பலாப்பழம். இரண்டு சனிக்கிழமை வாயும் இல்லை, போனும் இல்லை. முதல் சனிக்கிழமை ஆலய ஹாலை யாருமே திறக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை திறந்தார்கள், பூட்டவில்லை. மறுநாள் காலையில் பாடகர் அங்கிகளின் மேல் ஒரு நாய் நான்கு குட்டி போட்டிருந்தது. குட்டிகள் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்தன. பாஸ்டர்தான் இல்லை.

"லில்லி, ஹால் சாவியைக் கமிட்டிகிட்ட கொடுத்துடலாம்" என்றார்.

சாவி என்றால் இரும்புத் துண்டு இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பையன் கிட்டாரை எடுத்தால் இன்னொருவர் முழங்கையைத் தூக்க வேண்டும். வெளியே எப்போதும் மழை. பக்கத்து டவுன் தானா ராத்தாவுக்குப் போனால் கடை வாசலில் நின்று போனைத் தேய்க்கலாம், கூடவே வேறு சில பழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வரும். இந்தப் பிள்ளைகள் பாடவும், சண்டை போடவும், சமாதானமாகவும், யாருக்கும் தெரியாமல் அழவும் இருந்த ஒரே இடம் அந்த ஹால். கமிட்டி கைக்குச் சாவி போனால், அழுவதற்கு முன்னால் ஒரு வாரம் கடிதம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

கெஞ்சினேன். பாஸ்டர் யோசித்து ஒரு கணக்குக்கு வந்தார். குருத்தோலை ஞாயிற்றுப் பவனியில் சபை ஏந்துகிற ஓலையைக் கொண்டுவருவது பிள்ளைகள் வேலை. கொண்டுவந்தால் சாவி அவர்களிடமே இருக்கும்.

"ஆனா ஒண்ணு. நீங்க வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தக் கூடாது."

"பல்லு புடுங்கின வாய்தானே பாஸ்டர்" என்றேன்.

2. தேங்காய்

எங்கள் குளிரில் தென்னை வளராது. மற்ற ஊர்ச் சபைகள் கொல்லைப்புறத்தில் வெட்டிக்கொள்கிற ஓலை, எங்களுக்கு அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வளைவு வளைவாக லோரியில் ஏறி, பாதி வாந்தி எடுத்த முகத்தோடு வந்து சேரும். இத்தனை வருடமும் அதை ஏற்பாடு செய்தது நான். இந்த வருடம் ஜோயலும் ஷீபாவும் பொறுப்பு எடுத்தார்கள். ஜோயலுக்குப் பத்தொன்பது வயது, டிரம்ஸ் வாசிப்பவன், ஹாலைப் பூட்ட மறந்து நாய்க்குட்டிகளுக்கு அங்கி கொடுத்தவன். ஷீபா பதினேழு, கூட்டத்தின் செயலாளர். பாஸ்டர் எனக்குப் போட்ட நிபந்தனை இருவருக்கும் தெரியும்.

வாயைத்தான் திறக்கக் கூடாது. மற்றதை யாரும் தடுக்கவில்லையே. பவனிக்கு முந்தின திங்கட்கிழமை ஓலைப் பச்சையில் சேலை கட்டிக்கொண்டு ஹால் பக்கம் இரண்டு முறை நடந்தேன். "அக்கா, மாரியம்மன் கோயில் திருவிழாவா?" என்றான் ஜோயல். செவ்வாய்க்கிழமை ஒரு முழுத் தேங்காயை ஹால் மேசை நடுவில் வைத்துவிட்டு வந்தேன். தேங்காயைப் பார்த்தால் தென்னை, தென்னையைப் பார்த்தால் ஓலை. இதைவிடத் தெளிவாகத் தீர்க்கதரிசிகள்கூடச் சொன்னதில்லை.

புதன்கிழமை ஜோயல் ஒரு தட்டோடு வந்தான்.

"அக்கா, நீங்க வெச்ச தேங்காயில மிட்டாய் பண்ணோம். சீனி கொஞ்சம் கூடிப்போச்சு."

தின்றேன். நன்றாக இருந்தது, அதுதான் எனக்குத் துக்கம். பாஸ்டர் வீட்டுக்கும் ஒரு தட்டு போயிருந்தது. தேங்காய் யார் வாங்கியது என்று கேட்டிருக்கிறார். அன்று மாலையே என் வாசலில் வந்து நின்றார்.

"போனைக் குடுங்க."

கொடுத்தேன். அவரே வாலிபர் வாட்சப் குரூப்பைத் தேடி, சத்தத்தை அணைத்து, கண்ணில் படாத மூலைக்குத் தள்ளினார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதைத் தொறக்காதீங்க. ஜெபம் பண்ணுங்க."

ஜெபித்தேன். கர்த்தரே, என் வாயைக் கட்டும் என்று. நடுவில், கர்த்தரே, அந்தப் பிள்ளைகளுக்கு நீராவது ஞாபகப்படுத்தும் என்றும்.

3. வெறும் லோரி

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் டிரைவர் மணியம் அண்ணன் லோரியை எடுத்தார். என் கையால் எழுதிய சீட்டு: போகும்போது தேயிலைப் பெட்டி, வரும்போது பெட்டி அடுக்குகிற காலிப் பலகை. ஓலை என்று ஒரு வார்த்தை இல்லை. யாரும் வந்து எழுதச் சொல்லவில்லை. லோரியின் சிவப்பு விளக்கு இரண்டு வளைவு வரை தெரிந்தது, பிறகு தேயிலை அதை மென்று விழுங்கிவிட்டது.

ஒரு போன் போட்டால் போதும். மணியம் அண்ணன் தாப்பாவில் பத்து நிமிடம் நின்று ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். கடைசியில் தேயிலைச் சாம்பிள் டின்னுக்குள் போட்டு மூடினேன்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். வருத்தத்துக்கு அடியில், டின்னுக்கு அடியில் கிடக்கும் தூள் மாதிரி, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பார்த்தீர்களா, நான் இல்லாமல் இதுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று.

மதியம் லோரி திரும்பியது. ஜோயலும் ஷீபாவும் தேயிலை ஆலை வாசலில் நின்றிருந்தார்கள். மணியம் அண்ணன் கித்தானை விலக்கினார். காலிப் பலகை.

"அக்கா, ஒண்ணும் இல்லியா?" என்றாள் ஷீபா.

"என்னைக் கேக்காதீங்க. ரூல்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஷீபா எதையோ சொல்ல வாயெடுத்தாள். ஜோயல் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "விடு லா. வா." இருவரும் மோட்டார் சைக்கிள் ஏறிப் போனார்கள். வெட்கப்படுகிறார்கள், நல்லது, படட்டும் என்று நினைத்தேன்.

4. ஓசன்னா

அந்த வாரக் கடைசி பள்ளி விடுமுறை. மலைப் பாதை முழுக்கச் சுற்றுலாக் கார்கள், தாப்பாவுக்கு இறங்கினால் அன்றைக்குள் ஏற முடியாது. ஆகவே இருவரும் அடுத்த பள்ளத்தாக்குக்கு, லெம்பா பெர்த்தாமுக்கு இறங்கியிருக்கிறார்கள். அங்கே சிவலிங்கம் அண்ணனுக்குக் காய்கறித் தோட்டம், அதில் நான்கு பாத்தி லீக்ஸ். வெங்காயத்துக்குப் பெரியண்ணன் மாதிரி முழ நீளத்துக்குப் பட்டைப் பட்டையாய்ப் பச்சை இலை விடுகிற காய். பைபிளில், இயேசு ஏறிவரக் கழுதையை அவிழ்க்கப் போன சீஷர்கள் சொன்ன அதே வார்த்தையை ஜோயல் அவரிடம் சொல்லிப் பார்த்தானாம்.

"அண்ணே, இது ஆண்டவருக்கு வேணும்."

சிவலிங்கம் அண்ணன் நெற்றி விபூதியோடு நிமிர்ந்து பார்த்தாராம். "எந்த ஆண்டவருக்கு வேணா எடுத்துக்கோ. பாத்திய மட்டும் மிதிச்சே, கால ஒடிச்சிடுவேன்."

இப்படித்தான் ஞாயிறு காலை எங்கள் சபை, ஆளுக்கொரு லீக்ஸை உயர்த்திப் பிடித்து, ஓசன்னா பாடிக்கொண்டு தேயிலை வழியே நடந்தது. சிறுபிள்ளைகள் வாள் சண்டை போட்டார்கள். பாட்டு முடிவதற்குள் பாதிப் பேர் இலையைக் கசக்கிவிட்டார்கள். எருசலேமைப் பார்த்து இயேசு கண்ணீர் விட்டதைப் பாஸ்டர் பிரசங்கித்தபோது, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்த சபை மொத்தமும் அழுதது. இத்தனை வருடத்தில் அவர் பிரசங்கத்துக்கு அப்படி ஒரு அழுகை விழுந்ததில்லை. அவரும் நெகிழ்ந்துபோனார்.

ஆனாலும் வாக்கு வாக்குதான். ஆசீர்வாதத்துக்கு முன்னால் கேட்டார். "ஓலைக்கு யார் பொறுப்பு?"

இருவரும் எழுந்தார்கள். "நாங்கதான் பாஸ்டர்" என்றாள் ஷீபா. "சொல்லி வெச்சோம். ஏத்தினாங்களான்னு பாக்கல. எங்க தப்பு."

பாஸ்டர் கையை நீட்டினார். ஜோயல் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்ற ஆரம்பித்தான்.

சொல்லி வைத்தார்களா? யாரிடம்? எனக்குள் ஏதோ ஒன்று பிரேக் பிடித்தது. பெஞ்சுக்குக் கீழே போனை வைத்து, மூலைக்குத் தள்ளிய குரூப்பைத் தோண்டி எடுத்தேன். வியாழக்கிழமை ஷீபா எழுதியிருந்தாள்:

"லில்லி அக்கா, இது ஆபீஸ் விசயம், ரூல்ல வராது. தாப்பா மார்க்கெட் பக்கம் தேங்காய்க் கடையில ஓலை கட்டி வெச்சிருப்பாங்க. மணியம் அண்ணன் சீட்டுல எழுதிடுங்க."

அதற்குக் கீழே, "அக்கா?" அதற்கும் கீழே, கை கூப்பிய ஒரு பூனை. கடைசியில் ஜோயல்: "விடு லா, அக்கா லோரி வேலைய மறக்கவே மாட்டாங்க."

நேற்று ஆலை வாசலில் நான் பார்த்தது வெட்கம் இல்லை. நானே சொல்லிவிடுவேன் என்று காத்திருந்த முகங்கள். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, என்னைக் காட்டிக்கொடுக்காமல், வெங்காயக் காட்டுக்கு மோட்டார் விட்டவர்கள்.

இப்போதும் நான் வாயைத் திறக்காமல் இருக்கலாம். அவர்களும் சொல்லமாட்டார்கள். வாயைக் கட்டும் என்று அத்தனை நாள் ஜெபித்தவள்தானே. சாவி கயிற்றைவிட்டு வந்துகொண்டிருந்தது.

எழுந்தேன். "பாஸ்டர், அவங்க சொல்லி வெச்சது என்கிட்டதான். நான் பாக்கல. சீட்டுல எழுதாதது நான்."

சபை மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தியது. மேலும் சொன்னேன். லோரி வெறுமனே போனபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதையும். அதைச் சொல்லும்போது நான் அழுதது லீக்ஸால் இல்லை.

பாஸ்டர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "அந்த குரூப்பை மூடின கை என்னோடது" என்றார். பிறகு நிமிர்ந்தார். "ஆண்டவர் ரெண்டு சீஷரைக் கழுதை அவுக்க அனுப்பினார். பின்னாலயே போய் அவுத்தியா அவுத்தியான்னு கேக்கல. அதுக்காக, அவங்க ஏதாவது கேட்டு வந்திருந்தா காதைப் பொத்திக்கிட்டும் இருந்திருக்க மாட்டார். எனக்கும் லில்லிக்கும் இது இன்னைக்குத்தான் வெளங்குது."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சாவி ஜோயல் கழுத்துக்கே திரும்பிப் போனது. அந்த மாதம் முழுக்க ஹாலைக் கூட்டுவது பாஸ்டரும் நானும் என்று தீர்ப்பு. அன்று லயம் முழுக்க மதியச் சமையல் லீக்ஸ் பிரட்டல். கமிட்டித் தலைவர் வீட்டில் மட்டும் சூப்.

5. கையெழுத்து

நான் கற்றது சின்னது. நம்பிக்கை வைப்பது என்றால் விலகிப் போய் நின்று, விழுகிறார்களா என்று வேடிக்கை பார்ப்பது இல்லை. துரத்துவதை விட வேண்டும், கேட்கிற காதை விடக் கூடாது. நாம் தவறினால், பிள்ளைகள் பார்க்க எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஆறு வருடத்துப் பாடங்களில் அந்த ஒன்றைத்தான் என் பிள்ளைகள் இன்றைக்கும் தப்பில்லாமல் ஒப்புவிக்கிறார்கள், பெரும்பாலும் என் எதிரிலேயே.

முதல் சனிக்கிழமை பாஸ்டரும் நானும் துடைப்பத்தோடு போய்ச் சாவி கேட்டோம். ஷீபா என் ஆபீஸ் சீட்டைப் போலவே ஒன்று அச்சடித்து வைத்திருந்தாள். "சைன் பண்ணுங்கக்கா. நேரமும் போடணும். பாஸ்டர், நீங்களும்."

நாய்க்குட்டிகள் நான்கும் சாட்சி.

அடுத்த சனிக்கிழமை நான் கொஞ்சம் தாமதம். கட்டிலை விட்டு இறங்கவில்லை என்பது கர்த்தருக்குத் தெரியும். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. மூன்றாவது முறை எடுத்தேன். ஜோயல்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"ரிங்லெட் வந்துட்டேன் லா" என்றேன்.

"அப்படியே இருங்க" என்றான். "நாங்க உங்க வீட்டு வாசல்லதான் துடைப்பத்தோட நிக்கிறோம்."