காதணி விழாவிலிருந்து எழுந்து போன அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களில் பாதிக்கு மேல் என் மகளின் காதணி விழாவுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தவர்கள்தாம். அன்றைக்கு உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அண்ணனைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது தவறு. எப்படித் தவறு என்று விளங்க வேண்டுமானால் அண்ணனின் வாழ்க்கையைக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் நூற்பாலையில் தரப்பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று பார்த்துப் பார்த்து மனிதர்களிடமும் அதையே தேடும் பழக்கம் வந்துவிட்டது. அண்ணனிடம் குறை கண்டுபிடிக்க நான் அதிகம் மெனக்கெட வேண்டியிருந்ததில்லை.

அண்ணன் அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றுத் தோட்டத்தில் பிறந்தார். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். அவர் பத்தாவது படிக்கும்போது அப்பா காலமானார். அடுத்த வருடம் கிணறும் வற்றியது. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சோமனூரில் ஒரு தறிப்பட்டறைக்குப் போனார். பிளஸ் டூ முடித்த கையோடு என்னைக் கட்டிக்கொடுத்துவிடச் சொன்னவர்களிடம், "அம்மணி படிக்கட்டுமுங்க, அதுக்குள்ள என்ன அவசரம்" என்று சொல்லி, என்னை டிப்ளமோ வரை படிக்க வைத்தார். நான் சம்பாதித்துச் சாப்பிட்ட ஒவ்வொரு வாய்ச் சோறும் அந்த ஒரு சொல்லில் வந்தது. இதை அவர் உயிரோடு இருந்தபோது நான் சொன்னதில்லை.

சொந்தமாக எட்டுத் தறி போட்ட பிறகுதான் குடி ஆரம்பித்தது. தறிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்றார். அது முதல் ஒரு வருடத்துக்கான காரணம். அதற்குப் பிறகு காரணம் தேவைப்படவில்லை. தறிகள் ஒவ்வொன்றாகப் போயின. அண்ணி இரண்டு முறை பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். என் கல்யாணத்தில் அண்ணன் பிடித்திருந்த சீர்த்தட்டு சாய்ந்து, தேங்காய் உருண்டு மணவறை வரைக்கும் ஓடியது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வருடம், பட்டறைக்கு நூல் பை கொண்டுவரும் வேன் ஓட்டுநர் ஒருவர் அண்ணனை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சோமனூரில் ஒரு பள்ளி வகுப்பறைக்கு அழைத்துக்கொண்டு போனார். குடியை நிறுத்தியவர்கள், நிறுத்த முடியாதவர்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. அந்த அமைப்பின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுதவில்லை. அவர்கள் காரியம் நடக்கும் விதத்தை எழுதலாம் என்றார்கள்.

அங்கே டாக்டர் கிடையாது, தலைவர் கிடையாது. பேசுகிற எல்லோரும் குடித்துக் கெட்டவர்கள். செயலாளர் என்று ஒருவர் உண்டு. அதுவும் ஆறு மாதம்தான், பிறகு வேறொருவர். ஒவ்வோர் ஊர்க் குழுவும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு குழுவுக்குக் கூட்டம் வாரத்தில் ஒரு நாள். குடிக்கத் தோன்றுவதோ ஏழு நாளும். ஆகவே திங்கள் அன்னூர், செவ்வாய் சோமனூர், வியாழன் உடுமலைப்பேட்டை என்று, எந்த நாளிலும் பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில் ஏதாவது ஒரு கதவு திறந்திருக்கும்படி பிரித்து வைத்திருக்கிறார்கள். அதைச் சிறு அட்டையில் அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். மாதம் ஒருமுறை குழுவுக்கு ஒருவராகக் கோவையில் கூடி, எந்த ஊரில் ஆள் குறைகிறது, எந்த ஆஸ்பத்திரிக்கு யார் போய்ப் பேசுவது, யாருக்கு எந்த நாள் போன் முறை என்று முடிவு செய்கிறார்கள். போன் முறை உள்ளவர் அழைப்பு வந்தால், அழைத்தவருக்கு அருகில் இருக்கும் ஆளைத் தேடி அனுப்ப வேண்டும்.

அண்ணன் ஆறு மாதம் செயலாளராக இருந்தார். முடிந்ததும் டீ போடும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் பெரியப்பா மகன் இதைக் கேள்விப்பட்டு, "ஏனுங்க, செயலாளரா இருந்துபோட்டு இப்ப டம்ளர் கழுவறீங்களாமா?" என்று கேலி செய்தார்.

"அதுதானுங்க பெரிய பதவி" என்றார் அண்ணன். "செயலாளர் வரலைன்னாலும் கூட்டம் நடக்கும். டீ வரலைன்னா புதுசா வந்தவன் எந்திரிச்சுப் போயிருவான்."

உடுமலைப்பேட்டையில் புதிதாகக் குழு ஆரம்பித்தபோது அந்த அறையைத் திறக்கும் வேலை அண்ணனுக்கு வந்தது. வியாழன்தோறும் இரண்டு பஸ் மாறிப் போவார். நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பூட்டிக்கொண்டு திரும்புவார். பதினொரு வாரம் ஒருவரும் வரவில்லை. "ஆருமே வராத எடத்துக்கு எதுக்குங்க போறீங்க?" என்று அண்ணி கேட்டார். "நான் போன அன்னிக்குக் கதவு தொறந்திருந்துச்சு. ஆரோ தொறந்து வெச்சிருந்தாங்க" என்றாராம். பன்னிரண்டாவது வாரம் ஒரு தேங்காய் வியாபாரி வந்தார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி காதணி விழா. அப்போது அண்ணன் குடியை நிறுத்தி நான்கு வருடம் ஆகியிருந்தது. அன்னூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரைக்கு நேரம் குறித்திருந்தோம். கிடா வெட்டு இருந்தது. கோயிலுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் ஆண்கள் ஒதுங்கியிருந்ததும், அங்கே என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கிடா விருந்தென்றால் அதுவும் உண்டு என்று நாம் எல்லோரும் விட்டுவிட்டதுதான்.

அண்ணனும் அண்ணியும் சீர்த்தட்டோடு எட்டரைக்கே வந்துவிட்டார்கள். தாய்மாமன் என்பதால் அண்ணன் புது வேட்டி கட்டியிருந்தார். அவசரத்தில் அதன் லேபிளைக்கூடப் பிரிக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்குத் தேடினால் ஆளைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நேரம் தப்பிப் போகும் என்று, பெரியப்பா மகன் மடியில் பாப்பாவை உட்கார வைத்துக் காது குத்தினோம். உடன்பிறந்த தாய்மாமன் இருக்கும்போது இன்னொரு மடி. அந்த அவமானத்தோடுதான் பந்தி பரிமாறினேன்.

பாத்திரம் கழுவும் நேரத்தில், மாலை நான்கு மணிவாக்கில், அண்ணன் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. வேட்டியெல்லாம் மண். நான் எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்: "குடிச்சுப்போட்டு இங்க எதுக்குங்க வந்தீங்க? உங்க மடி எம்பொண்ணுக்கு வேண்டாமுங்க."

அண்ணன் வேட்டி மண்ணைத் தட்டிவிட்டார். "வாரேன் அம்மணி" என்றார். அண்ணியை அழைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுநாள் அண்ணி போன் செய்து, "அவுங்க குடிக்கலீங்க அம்மணி, அங்க இருக்க முடியலைன்னு மட்டும் சொல்றாங்க" என்றார். குடிகாரன் பெண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். மூன்று வருடம் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் நான்கு வருடம் நிறுத்தியது பாழாய்ப் போயிற்று என்று சொன்னேன். பிறகு எனக்கு ஆபரேஷன் நடந்தபோது அண்ணன் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நானும் மனம் இறங்கிப் பேசினேன். மன்னித்துவிட்டேன் என்ற பெருமை ஐந்து வருடம், அவர் கண் மூடும் வரைக்கும் எனக்கு இருந்தது.

பஞ்சுத் தூசி நுரையீரலில் தங்கி அண்ணனைக் கொண்டு போனது. கோவை ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தார். தினமும் இருவர் இருவராக யாராவது வந்து துணைக்கு இருந்தார்கள். தறிக்காரர்கள் என்று நினைத்தேன். கருமக்கிரியை அன்றும் அவர்கள் வந்து பின்வரிசையில் நின்றார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெயர் கேட்டேன். "பேரெல்லாம் வேண்டாமுங்க. வந்தோமுங்கறது போதும்" என்றார் அன்னூரில் மினி பஸ் ஓட்டும் ஒருவர். பிறகு, "பன்னெண்டு வருசம் குடிக்காம இருந்த மனுசனுங்க" என்றார்.

"எட்டுங்க" என்று, காதணி விழாவிலிருந்து எண்ணி நான் திருத்தினேன். தரப்பிரிவுக்காரி அல்லவா!

அவர் விடவில்லை. "பன்னெண்டுங்க. அடுத்த மாசம் எங்கூர்ல குடும்பத்துக்காரங்களும் வரலாமுங்கற கூட்டம் இருக்குது. நீங்க வரோணும்" என்றார்.

அண்ணியும் நானும் போனோம். முப்பது நாற்காலி, ஒரு டீ கேன். மினி பஸ் ஓட்டுநர் எழுந்து, யார் பெயரையும் சொல்லாமல் தன் கதையைச் சொன்னார்.

"எனக்கு அப்ப நிறுத்தி நாப்பது நாளுங்க. ஞாயித்துக்கெழமை. உடுமலையிலிருந்து போன் முறைக்காரர் கூப்புட்டாரு. 'உங்கூர்ப் பக்கம் நம்ம ஆள் ஒருத்தர் கஷ்டத்துல இருக்கறாரு. நான் வந்து சேர மத்தியானமாயிரும். அதுவரைக்கும் அவரோட போய் உக்கோருங்க'ன்னாரு. போய்ப் பார்த்தா, பூட்டிக் கெடந்த மாட்டாஸ்பத்திரிப் படியில புது வேட்டியோட உக்கோந்திருக்கறாரு. லேபிளு கூடப் பிரிக்கல. எனக்குக் கூட்டத்துல டீ ஊத்திக் குடுத்தவரே அவருதானுங்க. 'டம்ளரைக் கையில குடுத்தாங்க தம்பி. வாங்கிட்டேன். மூக்குக்கிட்ட கொண்டும் போயிட்டேன். கீழ வெச்சுப்போட்டு ஓடியாந்துட்டேன்'னாரு. 'இன்னொருக்கா குடுத்தாங்கன்னா குடிச்சுப்போடுவேன். குடிச்ச மடியில கொழந்தைய உக்கார வெக்கமாட்டேன். அதுக்கு மடி இல்லாமலே போகட்டும்'னாரு. பத்தரை வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துட்டே இருந்தாரு. போயிரலாமான்னு நாலு தடவை எந்திரிச்சாரு. நாலு தடவையும் உக்கோந்தாரு. பத்தரை ஆனதும் அழுதாரு பாருங்க, நெம்ப நேரம். ரெண்டு மணிக்கு உடுமலைக்காரர் வந்தாரு. மூணு பேரும் படியிலயே கூட்டம் நடத்துனோம். நான் அவரைக் காப்பாத்துனேன்னு நெனைச்சுராதீங்க. அன்னிக்குக் காத்தால நான் கடைக்குக் கெளம்பி நின்னவன். போன் வந்துச்சு, போகல."

அந்த உடுமலைக்காரர்தான் பன்னிரண்டாவது வாரம் வந்த தேங்காய் வியாபாரி. அவர் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டம்ளரைக் கொடுத்தது யார் என்று கேட்டேன். எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"நான்தான். மச்சான் வேண்டாம்னாரு. தாய்மாமன் இன்னிக்குக்கூட ஒரு வாய் குடிக்கலைன்னா எப்புடின்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டே கையில திணிச்சேன்."

"நான் அவரைப் பேசுனப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன். அப்பறமா மச்சானைத் தேடிப் போயி, உங்கிட்டச் சொல்லிப்போடறேன்னு சொன்னேன். 'வேண்டாம் மாப்ள. அம்மணி உங்களோட இருந்து பொழைக்கோணும். எம்பேரு முன்னாடியே கெட்ட பேருதான'ன்னுட்டாரு. நானும் அதையே சாக்கா வெச்சுட்டேன்."

பத்து நாள் அவரோடு நான் பேசவில்லை. இந்தக் கட்டுரையை எழுதியதும் முதலில் அவரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நான் பக்கத்துல நின்னதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். அவர் குடியை விட்டாரா என்று கேட்பீர்கள். அதை அவர்தான் சொல்ல வேண்டும். என் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப மாமா எனக்காகத்தான் எந்திரிச்சுப் போனாருங்களாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நன்றி சொல்லும் இடம் இது. இருபது நாளும் அண்ணனைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், துக்க நாட்களில் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணி, நீங்கள் சொன்னதுதான் உண்மை. நம்பாமல் போனதற்கு எல்லோரும் பார்க்க உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பெயர் சொல்லக் கூடாதவர்களுக்கு, அவர்கள் கதவு திறக்கும் நாளைச் சொல்லி நன்றி கூறுகிறேன். அன்னூர்த் திங்கட்கிழமைக்கு, சோமனூர்ச் செவ்வாய்க்கிழமைக்கு, உடுமலைப்பேட்டை வியாழக்கிழமைக்கு, மாட்டாஸ்பத்திரிப் படியில் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு.

கடைசியாக ஒன்று. இந்த மலரின் முதல் பக்கத்தில், படத்துக்குக் கீழே, பன்னிரண்டு ஆண்டுகள் மது தொடாமல் வாழ்ந்தவர் என்று போட்டிருக்கிறோம். அது அச்சுப் பிழை அல்ல. எட்டு என்று என் வாயால் கேட்டவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு அண்ணன் குடிக்கவில்லை.