போளூருக்கு ஒரு பறிப்பு, சிங்கப்பூருக்கு ஒரு பறிப்பு

சிங்கப்பூரில் இருக்கும் என் மகளுக்கு மசக்கை. எதைத் தின்றாலும் வாந்தி. போனில் ஒரே பாட்டு: "நம்ம கொல்லையில காய்க்குற சீத்தாப்பழம் வேணும்மா."

"அங்க கடையில இல்லியா?"

"இருக்குது. வாயில வைக்க முடியல."

அவளைப் பார்க்கப் போக எடுத்த பாஸ்போர்ட் கைக்கு வந்ததிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடல் தாண்டி ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், பிளேனில் நாலு மணி நேரம் என்று செல்போனில் பார்த்து மனப்பாடம் செய்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மலையில் சீத்தாப்பழத்தைப் போகிற ஊர் பார்த்துத்தான் பறிப்போம். மலைக்குக் கீழே இருக்கும் போளூருக்கு என்றால் காயின் கண்கள் நன்றாக விரிந்து வெளுத்திருக்க வேண்டும். தூரத்து ஊருக்கு என்றால் கண்களுக்கு நடுவே மெல்லிசாக வெள்ளைக் கோடு தெரிந்ததுமே பறித்துவிட வேண்டும். அதற்கும் முந்தினால் காய் கல்லாகவே கிடந்து கறுத்துப்போகும். இந்தக் கணக்கில் என் வீட்டுக்காரர் கில்லாடி.

"எத்தினி தூரம்னு சொன்ன?" என்றார், கையில் கூடையோடு.

"தூரத்த வுடுங்க. நாலே மணி நேரம். போளூருக்கு பஸ்ல போய்ட்டு வர்ற நேரந்தான். நல்லா கண்ணு விரிஞ்சதா பறிங்க."

"மூவாயிரம் கிலோமீட்டர்மே. கொழகொழன்னு பூடும்."

"பிளேன்ல போறது நானா, நீங்களா?"

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பிளேன் எங்கள் வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளாது என்பது மட்டும் என் புத்தியில் ஏறவில்லை. காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறி மலை இறங்கினேன். போளூரில் காத்திருந்து அடுத்த பஸ். சென்னையில் வெயிலில் வெந்து, விமான நிலையத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தேன். ஒருவழியாகப் பிளேன் கிளம்பியபோது, காலடியிலிருந்த அட்டைப்பெட்டியின் வாசனை வரிசை வரிசையாகப் போய்ச் சேர்ந்தது. முன் இருக்கைக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மகள் வீட்டில் பெட்டியைத் திறந்தால், மேல் வரிசை முழுக்கக் கூழ். கன்னம் ஒட்டிப்போயிருந்த என் பெண் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் வாய்க்கொழுப்பை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூழை வழிக்கக் கையை விட்டேன். அடியில் சாமை வைக்கோல். அதற்கும் கீழே ஆறு பழங்கள், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றி. அழுத்திப் பார்த்தேன். அன்றைக்கென்றே பழுத்திருந்தன. அந்த மனுஷனை அப்போது ரொம்பப் பிடித்தது.

மகள் தரையில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். சின்ன வயதில் செய்தது போலவே கொட்டைகளை என் உள்ளங்கையில் துப்பினாள். இரண்டு பழம் உள்ளே போயும் வாந்தி வரவில்லை.

போன் அடித்தது. அவர்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வூட்டாண்ட போய்ச் சேர எத்தினி மணி நேரமாச்சு?"

"நாலுதாங்க," என்றேன்.

"அப்ப அடியில வெச்சது இன்னும் காயாத்தான் இருக்கும்."

மகள் மூன்றாவது பழத்தைப் பிட்டுக்கொண்டிருந்தாள். "பழுத்துடுச்சுப்பா," என்றாள், வாய் நிறைய.