அப்பா டீ வேண்டாம் என்றபோது

டென்மார்க்கில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆர்ஹுஸ் நகரத்துக்கு வந்த புதிதில், உடன் வேலை பார்க்கும் லார்ஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். கேக் தட்டை நீட்டினார். ‘நை தாக்’ என்று நம்மூர் முறைப்படி மறுத்துவிட்டு, அவர் வற்புறுத்துவதற்காகக் காத்திருந்தேன். தட்டு அடுத்தவரிடம் போய்விட்டது. நான் நாகரிகமாகக் காத்திருந்த நேரத்தில் கேக்கும் தீர்ந்துவிட்டது. விருத்தாசலத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் அது பேச்சுவார்த்தையின் தொடக்கம்; மூன்றாவது மறுப்புக்குள் இலையில் இட்லி விழுந்திருக்கும். ஆனால் டென்மார்க் பழக்கம் என்னையும் விடவில்லை. சில வருடங்களில் என் வீட்டுக்கு வந்த தமிழர்களே காப்பி கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். வேண்டாம் என்றார்களே என்று நான் சொன்னதற்கு, நாலு பேர் நம் வீட்டுக்கு வரவேண்டாமா என்று கேட்டாள் மனைவி.

அப்பா பெண்ணாடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி நின்ற இடத்தில் எல்லாம் டீ குடித்தவர். அம்மா போன பிறகு இடுப்பு எலும்பு முறிந்து, எழுந்து நடக்க ஆள் துணை தேவைப்பட்டது. விருத்தாசலத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவோம். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. உதவியாளர் செல்வி டீ கொண்டுவருவார். அப்பா “வேணாம்மா” என்பார். டம்ளர் திரும்பிப் போகும். வயதான காலத்தில் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் லார்ஸின் அம்மாவைப் பார்க்க, இங்குள்ள இல்லத்துக்குப் போனேன். பழச்சாறு வந்தது. அந்த அம்மாள் ‘நை தாக்’ என்றார். பணிப்பெண் நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஏன் வேண்டாம், வாயில் புண்ணா, எழுந்து போகச் சிரமமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் முறை கேட்காத தேசம், இரண்டாம் முறை கேட்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. ஞாயிறுதோறும் திரும்பிப் போகும் டம்ளர் நினைவுக்கு வந்தது. டீயை வேண்டாம் என்று சொல்கிற மனிதரா என் அப்பா?

யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொண்டேன். சலவைச் சட்டை இல்லை. உதடு வெடித்திருந்தது. நகம் வளர்ந்திருந்தது. தண்ணீர்ச் சொம்பு கைக்கு எட்டாத ஜன்னலோரம் இருந்தது.

“சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற. வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?” என்றார் அப்பா.

கடைக்குப் போய் டீ வாங்கி வந்தேன். வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன். வேண்டாம். மறந்துபோன தாய்மொழியைப் பேசுவதுபோல மூன்றாம் முறை கேட்டேன்.

“குடிச்சா போவணும்டா. கூப்புட்டா அந்தப் பொண்ணு மாடியில இருக்கும். அது வர்றதுக்குள்ள லுங்கி நனைஞ்சிடுது. அத்தினி பேரு எதிர்ல மாத்துறாங்க. குடிக்கலன்னா வம்பு இல்ல பாரு. தண்ணியும் கொறச்சிட்டேன்.”

பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு பீங்கான் தொட்டிவரை கைபிடித்து அழைத்துப்போக ஆளில்லை.

செல்வியைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. “ரெண்டு மாடிக்கும் நான் ஒருத்தி சார். யாரு கூப்புட்டாலும் ஓடத்தான் செய்யறேன்” என்றார். உரிமையாளர் என்னை உட்காரவைத்து, உபசாரமாக, “உங்கப்பா தங்கமானவருங்க. எதுவுமே கேக்க மாட்டாரு” என்று நற்சான்று கொடுத்தார்.

“அதாங்க என் புகார்” என்றேன்.

டென்மார்க்கில் கற்ற தணிந்த குரலில் நான் பேசியதெல்லாம் அவருக்குப் பாராட்டாகவே கேட்டிருக்க வேண்டும், தலையாட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு மங்கலம்பேட்டை, மகன் ஷார்ஜாவில். மருமகள் நசீமாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் மாமனாரும் டீயை விட்டிருந்தாராம். மறுநாள் நசீமா நேரில் வந்து உரிமையாளரிடம் பேசினார். பேசியது தெருவரை கேட்டது. அந்த வாரமே பகலுக்கு இன்னொரு பெண் வேலைக்கு வந்தார். கட்டிலில் மணி கட்டினார்கள், சுற்றித் திரை போட்டார்கள். யாரும் கூப்பிடாமலே, டீ கொடுத்த கொஞ்ச நேரத்தில் அழைத்துப்போவது என்று ஏற்பாடானது. நசீமா இப்போதும் வாரத்தில் ஏதோ ஒருநாள் வந்து நிற்பார். எந்த நாள் என்று எனக்கே சொல்வதில்லை. கிளம்புகிற அன்று அப்பா இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டு, இதுவும் ஒரு டீயா என்று குறை சொன்னார். நிம்மதியாக விமானம் ஏறினேன்.

இங்கே காலைக் கூட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் அங்கே மாலை டீ முடிந்திருக்கும். நான் நடைவழிக்கு வந்து போன் செய்வேன். பங்குச் சந்தை விவகாரம் என்று சக ஊழியர்கள் நினைக்கிறார்கள்; மரியாதையாக இருக்கிறது, நான் திருத்தவில்லை. செல்வி “தாத்தா உள்ள இருக்காரு சார், இருங்க” என்பார். ஒரு கை கூட்ட அறையின் கண்ணாடிக் கதவில், ஒரு காது விருத்தாசலத்துக் கழிப்பறைக் கதவில். அங்கே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டபிறகுதான் இங்கே கதவைத் தள்ளுகிறேன்.