கன்னத்தில் ஒன்று, கையில் ஒன்று

என் தம்பி பொண்டாட்டியை டிவியில் இரண்டு சம்பவங்களுக்காகக் காட்டினார்கள். முதல் சம்பவத்தில் அவள் முகத்தைக் கலைத்து, குரலை மாற்றி, பின்னணியில் சோகமாக வயலின் வாசித்தார்கள். அடுத்ததில் மூக்கோரத்து மச்சம்கூடத் தெரிகிற மாதிரி முகத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். இரண்டிலும் அடிபட்டவள் அவள்தான். அடித்த ஆள்தான் வேறு.

தெருவில் அவளை ‘மடிப்பு’ என்று கூப்பிடுவார்கள். பெரிய வீடுகளுக்குப் போய்த் துணி தேய்ப்பது அவள் வேலை. அவள் தேய்த்த கால்சட்டையின் மடிப்பு மாலை வரை நிற்கும். என் தம்பி மட்டும் நிற்கவில்லை. வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். போனவனை விட்டுத் தள்ளிவிட்டு, இருந்தவளோடு நான் இருந்துவிட்டேன். முன்னறையில் எனக்குத் தையல் மிஷின், பின்னறையில் அவளுக்குத் தேய்க்கிற மேசை. ரத்த சொந்தத்தைவிட அவளோடுதான் எனக்கு ஒட்டுதல். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டதா என்று விரலை எச்சில் பண்ணித் தொட்டுப் பார்ப்பாள். அந்தச் சத்தத்திலேயே பட்டுக்கா பருத்திக்கா என்று சொல்லிவிடுவாள். கையில் அங்கங்கே பழைய சூட்டுத் தழும்புகள் உண்டு. என் விரலில் ஊசி குத்திய தடம் இருப்பது மாதிரி. அந்தத் தழும்புகளையும் ஒருநாள் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள் என்று யார் கண்டது.

முதலில் அடித்தது ஒரு நடிகை. படப்பிடிப்புக்கு நேரமாகிவிட்டதாம், புடவை இன்னும் மேசைமேல் இருந்ததாம். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, திரும்பி இவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. மோதிரம் பட்டு உதடு கிழிந்து, ரவிக்கையெல்லாம் ரத்தமாக வந்து நின்றாள். நேரே போய் அந்தம்மாவின் மயிரைப் பிடித்து இழுத்துவிட்டு வரலாமா என்றிருந்தது எனக்கு. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரன் யாருக்கோ போன் போட, டிவி நிருபர் வந்துவிட்டான். பேர் என்னவோ, எங்களுக்கு அவன் ‘மைக்’.

“எதால அடிச்சாங்க?” என்றான்.

“கையால.”

“கையாலன்னா யாருங்க பாப்பாங்க? நீங்க துணி தேய்க்கிறவங்க. இஸ்திரிப் பெட்டி பக்கத்துல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“சூடாவா?”

“சூடாத்தான் இருக்கும்.”

“அதை எடுத்தாங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள். “எடுத்தாங்க. புடவை தீஞ்சுடும்னு ஓரமா வெச்சாங்க.”

“எடுத்தாங்கன்னு மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க, போதும்.”

சொன்னாள். கன்னம் எரிந்துகொண்டிருக்கிற நேரத்தில் யார் என்ன கேட்டாலும் சொல்லத்தானே தோன்றும். அன்று மாலையே, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஏழைப் பெண்ணைத் தாக்கிய நடிகை என்று போட்டான். நடிகை கையில் மதுக் கோப்பையோடு இருக்கிற ஒரு பழைய படத்தை எங்கிருந்தோ தேடி எடுத்தார்கள். அவள் விவாகரத்து, அவள் உடுப்பு, அவள் சிரிப்பு என்று நாலு பேர் மேசை போட்டு உட்கார்ந்து கூறு போட்டார்கள். புருஷனோடு வாழத் தெரியாதவள் வேலைக்காரியோடு எப்படி வாழ்வாள் என்று ஒரு பெரிய மனுஷர் கேட்டார். கையிலிருந்த படமும் விளம்பரமும் போய், அந்தம்மா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனாள். அடித்தது அடித்ததுதான், அதில் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் அடித்த அடிக்கு மேலே இவர்கள் சேர்த்துக் கொடுத்தது அதிகம்.

அடுத்தது கேப்டன். நாட்டுக்காக ஆடுகிறவர், ஊருக்கே செல்லப்பிள்ளை. மடிப்புக்கு அவர் வீட்டில் வேலை கிடைத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அந்தக் கண்றாவியை ஏன் மறைக்க வேண்டும். அன்று அவர் ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்திருந்தார். மாலையில் ஏதோ விழா. வெள்ளைச் சட்டையின் காலரில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. பெட்டி சூடு கூடிவிட்டால் அப்படி ஆவதுண்டு.

“இன்னைக்கு என்னை ஊரே பாக்கும்” என்றாராம். கத்தவில்லையாம். இவள் கழுத்தைப் பிடித்துத் தேய்க்கிற மேசைமேல் குப்புற அமுக்கி, இடது கையைத் திருப்பி, முழங்கைக்குக் கீழே உள்பக்கமாகப் பெட்டியை வைத்து அழுத்தினார். பருத்திக்கு வைக்கிற சூடு. தோல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. துணி கருகுகிற வாடை இவளுக்குப் பழக்கம், இது வேறு வாடை என்றாள். கூடத்தில் இருந்த அவர் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாளாம். பெட்டியை எடுத்தபிறகு இவள் வாயைப் பொத்தி, “கத்தினா மூஞ்சியில வெப்பேன்” என்றாராம். இவள் கத்தவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபோது பார்த்தேன். பெட்டியின் கூர்முனை அப்படியே முக்கோணமாகப் பதிந்து, உள்ளே சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார், யார் என்று கேட்டார், பேனாவை மூடினார். “கேப்டனா? நல்லா யோசிச்சுட்டு வாம்மா” என்றார்.

மடிப்புக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பணம் இல்லை, ஜெயில்கூட இல்லை. அவர் தெரிந்தேதான் அழுத்தினார் என்று யாராவது ஒருத்தர் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும்.

“அந்த மைக் தம்பியக் கூப்பிடுங்கக்கா. அவருக்கு நம்மளத் தெரியும்” என்றாள்.

தெரிந்ததுதான் வினையாகிவிட்டது. வந்தவன் காயம், கட்டு எதையும் பார்க்கவில்லை. “தெரியாம பட்டிருக்குமோ?” என்று ஆரம்பித்தான். அன்று இரவுச் செய்தியில் கேப்டன் மகளைத் தோளில் தூக்கி வைத்திருக்கிற படம் வந்தது. ஆட்டத்தின் அழுத்தம், தோல்வியின் வலி, வீட்டுக்குள் நடந்த சின்ன சம்பவம் என்றார்கள். அழுத்தம் என்ற சொல்லை அவருடைய மனசுக்குத்தான் போட்டார்களே தவிர, இவள் கைக்குப் போடவில்லை. பிறகு இவளுடைய பழைய பேச்சைத் தேடி எடுத்து, கலைத்த முகத்தைத் தெளிவாக்கி, “எடுத்தாங்க” என்கிற ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதே பெண், அதே இஸ்திரிப் பெட்டி, அதே கதை.

அதே நாலு பேர் மேசையில் ஒரு தோல் டாக்டர் வேறு. ஆஸ்பத்திரியில் எடுத்த இவள் கையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது சகஜம். பழைய தழும்பெல்லாம் பாருங்க. லேசாப் பட்டாலே இப்படித் தடம் விழும்” என்றார். மடிப்பு டிவியையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் தானே மைக்குக்குப் போன் போட்டாள். உண்மை முழுசையும் சொல்லிவிட்டால் நம்பித்தானே ஆகவேண்டும் என்று அவள் கணக்கு. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. கேமரா முன்னால் உட்கார்ந்து, “அந்தம்மா கையாலதான் அடிச்சாங்க, பெட்டியால இல்ல. எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லச் சொன்னது இந்தத் தம்பிதான். கேப்டன் அழுத்தினது நிஜம்” என்று கோர்வையாகச் சொன்னாள். டிவியில் வந்தது முதல் வாக்கியம் மட்டும்தான். பொய்யை ஒப்புக்கொண்டாள் என்று கீழே சிவப்பில் ஓடியது. நடிகைக்காவது நல்லது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. அவளைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை.

மறுநாள் பட்டப்பகலில் கேப்டனின் ரசிகர்கள் வந்தார்கள். முதல் கல் ஜன்னலை உடைத்தது, அடுத்தது மடிப்பின் நெற்றியை. கதவை உதைத்துத் திறந்து, தலைமயிரைப் பிடித்து அவளை வாசல் வரைக்கும் இழுத்துப் போனார்கள். கட்டுப் போட்ட கையை ஒருத்தன் செருப்புக் காலால் மிதித்தான், அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. என் தையல் மிஷினைத் தூக்கித் தரையில் அடித்தார்கள். துணி வெட்டுகிற கத்தரிக்கோலின் கைப்பிடியால் ஒருத்தன் வாயில் குத்தினேன். பல் ஒன்று என் காலடியில் விழுந்தது. அதைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அக்கம்பக்கத்தார் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

சில நாள் கழித்து மைக் மறுபடி வந்தான். கேப்டன் தரப்பில் சமாதானமாகப் போகச் சொல்கிறார்களாம், இனி ஒருத்தரும் தொந்தரவு பண்ணமாட்டார்களாம். தேய்க்கும்போது கை தவறிப் பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லி, எப்படிப் பட்டது என்று நடித்துக் காட்டினால் போதுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் மடிப்பு சரியென்று தலையாட்டினாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் பொங்கியது. பின்னறைக்குப் போய் மேசையில் துணி விரித்து, பெட்டியைச் சுவிட்சில் சொருகினாள். கேமராக்காரன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வாகாக நின்றுகொண்டான்.

“எப்படி நடிக்கணும்னு காட்டுங்க தம்பி. எனக்கு வராது” என்றாள்.

மைக் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மேசையோரம் வந்தான். “ரொம்ப சுலபங்க. இப்படித் தேய்ச்சுட்டிருக்கீங்க, இப்படித் திரும்புறீங்க, கை இங்க வருது, லேசாப் படுது” என்று இடது கையை நீட்டினான்.

மடிப்பு விரலை எச்சில் பண்ணிப் பெட்டியைத் தொட்டாள். சுர்ரென்றது. அது பருத்திக்கு. நான் நகர்வதற்குள் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அமுக்கி, பெட்டியின் முனையை முழங்கைக்குக் கீழே உள்பக்கமாக வைத்துவிட்டாள். ஈரத்துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி உரம் ஏறிய கை அது. அவன் கால் இரண்டும் தரையில் உதைத்தன.

“பட்டுச்சா, அழுத்தினேனா? கேமராவப் பாத்துச் சொல்லுங்க.”

“அழுத்துறா... ஐயோ, வேணும்னே அழுத்துறா, எடுக்கச் சொல்லுங்க” என்று அலறினான். எடுத்துவிட்டாள். கேமராக்காரன் எப்போதோ வாசலுக்கு ஓடியிருந்தான், ஆனால் கேமரா ஓடிக்கொண்டேதான் இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தானே வண்டியில் வந்தார். இந்த முறை பேனா தாராளமாக எழுதியது. வண்டியில் ஏறும்போது அவள் திரும்பி, “அக்கா, சுவிட்ச அணைச்சுட்டீங்களா?” என்று கேட்டாள். அணைத்துவிட்டேன் என்றேன். நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் எங்களை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நிருபர் மீது கொலைவெறித் தாக்குதல் என்று கீழே சிவப்பில் ஓட, அவன் கையில் இருந்த சட்டைப் பொத்தான் அளவு முக்கோணத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் அவள் முகம், ஒன்றில் வாய் கோணலாக, ஒன்றில் கண் பாதி மூடியபடி. மேசையில் அதே நாலு பேர். அதே தோல் டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார்.

“தெரியாம பட்டா இப்படித் தடம் விழாதுங்க” என்றார். “பெட்டியோட முனை முக்கோணமா, ஓரமெல்லாம் இவ்வளவு தெளிவாப் பதியணும்னா ஒருத்தர் பிடிச்சு அழுத்தியிருக்கணும். இதுல சந்தேகத்துக்கே இடமில்ல.”

மடிப்பு பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது கையின் கட்டை மெதுவாக அவிழ்த்து, காயத்தை டிவிக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

“சொல்லிட்டாருக்கா” என்றாள். “கேட்டீங்கல்ல?”