வாய்க்கால் வேலைக்கு வராதவரின் தொப்பி

மெல்ச்சோரா துவாகிசா சிரித்துப் பார்த்தவர்கள் புகாரூமி என்ற அந்த மலையூரில் குறைவு. அதனால்தான் அவளைத் தண்ணீர்ச் சங்கத்துக்குத் தலைவியாக்கினார்கள். சிரிக்கிற ஆளிடம் ஏதாவது கதை சொல்லித் தப்பித்துவிடலாம்; இவளிடம் எடுபடாது. ஒருமுறை அவளுடைய கொழுந்தனே முதுகுவலி என்று மிங்காவுக்கு வராமல் படுத்துக்கொண்டான். மெல்ச்சோரா நேரே அவன் வீட்டுக்குப் போனாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள், பச்சிலை சொன்னாள், திரும்பும்போது அடுப்பிலிருந்த பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே பார்லிக் கஞ்சி பாதிதான் வெந்திருந்தது. மறுநாளே கொழுந்தனின் முதுகு சரியாகிவிட்டது.

மிங்கா என்றால் ஊர் கூடிச் செய்கிற வேலை. மலைமேல் சதுப்பில் ஊறுகிற தண்ணீர் வாய்க்கால் வழியாகத்தான் ஊருக்குள் வருகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற எல்லாரும் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர் வார வேண்டும். வராதவர் வீட்டிலிருந்து ஒரு பொருள் சங்கத்துக்கு அடமானமாக வந்துவிடும். வேலையைச் செய்து முடித்தால் பொருள் திரும்பும். அதுவரை அவருக்கு ஊர்ச் சபையில் பேச வாய் கிடையாது. காசு கட்டித் தீர்க்கவும் முடியாது.

இந்த அடமானப் பழக்கத்தில் மெல்ச்சோராவுக்குச் சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. அவள் சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு கீழே டவுன் சந்தைக்குப் போவாள். அங்கே இருந்த காவலாளிகள் மலையிலிருந்து இறங்கி வருகிற செவ்விந்தியர்களின் தொப்பியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். சதுக்கத்தைப் பெருக்கிக் கொடுத்தால்தான் தொப்பி. அப்பா பெருக்கினார். கனவான்கள் பெஞ்சில் உட்கார்ந்து கடலை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்கள் காலடியில் குனிந்து பெருக்கினார். அன்றைக்கு வெறும் தலையோடு நின்ற அப்பாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு அவள் வளர்ந்தாள், தலைநகரில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவினாள், அந்த வீட்டம்மாளிடம் சண்டை போட்டுத் திரும்பினாள், அரசாங்கத்தை எதிர்த்து மலைமக்களின் பெரிய எழுச்சி வந்தபோது யூகலிப்டஸ் மரத்தை வெட்டி நெடுஞ்சாலையில் போட்டவர்களில் ஒருத்தியானாள். கல்யாணம் அதற்கப்புறம்தான்.

அப்படிப்பட்ட போராட்டங்களின் பலனாகவே நாட்டின் அரசியல் சட்டத்தில் மலைமக்களின் பாஷைச் சொல் ஏறியது: சுமாக் கௌசாய், நல்லபடியாக வாழ்வது. ஏறிய சொல் அதோடு நிற்கவில்லை. பாலத்தில் ஏறியது, பள்ளிப் பையில் ஏறியது, பேருந்து நிலையத்துக் கழிப்பறைக் கதவில்கூட ஏறியது. அதைப் பரப்புவதற்கென்றே தலைநகரில் ஓர் அலுவலகம் முளைத்தது. புகாரூமியில் அந்தச் சொல்லை இத்தனை தடவை யாரும் உச்சரித்ததில்லை. ஒருவரையொருவர் பார்த்தால் தண்ணி வருதா, உருளைக்கிழங்கு நட்டாச்சா, அண்ணனோட பேச்சு வார்த்தை வந்துடுச்சா என்றுதான் கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் நன்றாக வாழ்கிறார்கள் என்று அர்த்தம்.

அலுவலகத்திலிருந்து டாக்டர் ரமீரோ வந்தார். எந்த வியாதிக்கு டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. ஊற்றருகே ஒரு பெரிய விளம்பரப் பலகையைத் திறந்துவைத்தார், அதில் ‘நானும் புகாரூமிக்காரன்’ என்ற பெரிய எழுத்துக்குக் கீழே அவரே சிரித்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் போடுகிற கம்பளிப் போன்ச்சோவைப் போர்த்திக்கொண்டு, ஊற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்து, கேமராவைப் பார்த்து, கூடியிருந்த சபையிடம் சொன்னார்: “இன்னையிலேர்ந்து நானும் புகாரூமிக்காரன். என்னையும் உங்கள்ல ஒருத்தனாச் சேர்த்துக்குங்க.”

வருகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் எங்கேயும் சொல்வதுதான். ஆனால் புகாரூமியில், ஊற்றடியில், சபைமுன் தண்ணீர் குடித்துவிட்டு ஒருவர் இப்படிச் சொன்னால் அவர் சேர்ந்துவிட்டார் என்று பொருள். வெளியூர் மாப்பிள்ளைகளை அப்படித்தான் சேர்ப்பார்கள். மிங்காவில் பெயர் கூப்பிடுகிற எலுத்தேரியோ மெல்ச்சோராவைப் பார்த்தார். சேர்த்துக்கொள் என்று அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த மிங்காவில் எலுத்தேரியோ எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “டாக்டர் ரமீரோ” என்றார். ஊரே சிரித்தது. மெல்ச்சோரா சிரிக்கவில்லை.

மழை விட்டதும் டாக்டர் மறுபடி வந்தார், இந்த முறை பின்னால் ஒரு துளைபோடும் இயந்திரத்தோடு. சதுப்புக்கு அடியில் தாமிரம் இருக்கிறதாம். துளை போட்டால் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாதாம். வருகிற வருமானத்தில் எல்லாரும் நல்லபடி வாழலாமாம். சபை ஒப்புக்கொண்டால் போதும், இன்றைக்கே வேலை. ஊற்றடியில் சபை கூடியது. வெளியாள் பேச சபையிடம் அனுமதி கேட்க வேண்டும். டாக்டர் அதைக் கேட்கவில்லை. நான்தான் உங்களில் ஒருத்தனாயிற்றே என்றபடி நடுவில் வந்து நின்றார்.

மெல்ச்சோரா எழுந்து போய், அவர் தலையிலிருந்த தொப்பியை, கடற்கரைக்காரர்கள் நுணுக்கமாகப் பின்னுகிற வெள்ளை வைக்கோல் தொப்பி அது, இரண்டு கையாலும் பதமாகக் கழற்றினாள்.

“மிங்காவுக்கு வரலையே நீங்க. வேலையை முடிச்சிட்டு வாங்கிக்குங்க, ஐயா.”

ஏதோ சடங்கு என்று நினைத்து டாக்டர் கேமராவுக்குத் தலை குனிந்தார், அழகான மரபு என்று பாராட்டவும் செய்தார். பிறகு தாமிரத்தைப் பற்றி ஆரம்பித்தார். எலுத்தேரியோ குறுக்கிட்டு, அடமானம் மீட்காதவருக்குச் சபையில் வாய் கிடையாது, உட்காருங்கள் என்றார். டாக்டர் பர்ஸை எடுத்தார். காசு செல்லாது என்றார்கள். யாரோ ஒரு மண்வெட்டியை நீட்டினார்கள். அவர் வாய்க்கால் சேற்றைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார்.

“பூட்ஸ் எங்க வீட்டுக்காரரோடது தாரேன். கொஞ்சம் நாறும், பரவால்லையா?” என்றாள் பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி.

டாக்டர் மெல்ச்சோராவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “அம்மா, அன்னைக்கு நான் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு.”

“அப்படியா. அப்ப தண்ணிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்களே, அது எந்தப் பேச்சுக்கு?”

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. எல்லாருக்கும் கேட்டது, கேமராவுக்கும் கேட்டது.

டாக்டர் வெறுந்தலையோடு வண்டியேறினார். சபை கைதூக்கி வேண்டாம் என்றது. இயந்திரம் மட்டும் மேலே வரப் பார்த்தது. பெண்கள் பாதைக்குக் குறுக்கே துணி விரித்து, அவித்த உருளைக்கிழங்கையும் மொச்சையையும் கொட்டி, சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவரையும் கூப்பிட்டார்கள். அவன் இறங்கி வந்து வயிறாரச் சாப்பிட்டான். சாப்பிட்ட இடத்தில் எப்படி வண்டி ஏற்றுவது என்று யோசித்தான் போலிருக்கிறது, திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வாரத்தில் மெல்ச்சோராமீது வழக்கு வந்தது. திருட்டு, அரசுப் பணிக்குத் தடை. டவுன் நீதிமன்றத்துக்கு ஊரில் பாதி அவளோடு இறங்கிப் போனது. நீதிபதி நல்ல மாதிரி. தொப்பியைக் கொடுத்துவிடு, வழக்கை முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் சிறைவரை போகும் என்றார். பக்கத்திலிருந்த அவளுடைய வக்கீலும், ஒரு தொப்பிதானே, கொடுத்துவிடு அக்கா என்று முணுமுணுத்தார்.

மெல்ச்சோரா யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே அதே சதுக்கம், அதே பெஞ்சு. வேலை செய்யாமல் தொப்பி போனால், சபையில் டாக்டருக்கு வாய் திரும்பும். அவர் பின்னாலேயே இயந்திரம் திரும்பும். அப்புறம் ஊரில் யார் மண்வெட்டி எடுப்பார்கள்?

“இந்த டவுன்ல எங்கப்பா தொப்பியைப் பிடுங்கினீங்க. அவரு பெருக்கித்தான் வாங்கினாரு,” என்றாள். “அவருக்கு ஒரு சட்டம், டாக்டருக்கு ஒரு சட்டமா? நாங்க பிடுங்கல, காரணம் சொல்லித்தான் எடுத்தோம். டாக்டரு எங்க ஆளா இல்லையான்னு மட்டும் அவரையே கேளுங்க, ஐயா. எங்க ஆளுன்னா அது அடமானம். இல்லைன்னா அந்தப் பலகையைக் கழட்டச் சொல்லுங்க, தொப்பியை நானே கொண்டாந்து தாரேன்.”

நீதிபதி டாக்டரின் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நெடுநேரம் கழித்து வந்து, பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்றார். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, பலகையைக் கழற்றுகிற நேரமா அது?

அந்த அவகாசம் இன்னும் முடியவில்லை. மெல்ச்சோரா வாரந்தோறும் டவுனுக்கு இறங்கி நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போகிற வழியெல்லாம் கம்பளி நூல் நூற்றுக்கொண்டே போகிறாள். இதுவரை நூற்றதில் கொழுந்தனுக்கு ஒரு போன்ச்சோ ஆகிவிட்டது. சிறைக்கு அனுப்பினால் நூல் நூற்கிற கதிரையும் கூடவே கொண்டுபோவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

தொப்பி சங்கக் கட்டடத்தில் ஆணியில் தொங்குகிறது. தூசி படியாமல் அவளே துடைத்துவைக்கிறாள். கீழே சுவரில் சாய்த்தபடி ஒரு மண்வெட்டி. ஒவ்வொரு மிங்காவிலும் எலுத்தேரியோ கடைசியாக அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார். இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை. எல்லாரும் கொஞ்ச நேரம் மலைப்பாதையைப் பார்க்கிறார்கள்.

“வரல,” என்கிறாள் மெல்ச்சோரா. பிறகு வாய்க்காலில் இறங்குகிறாள்.